ஆஃப்கேயின் பிறைத் தையல்

நுரை வழியும் ஜன்னலை ஒரு கையால் வழித்துவிட்டபடியே, தெருவில் சைக்கிளில் போகிற ஒருத்தியை மறு கையால் நிறுத்துகிறாள் ஆஃப்கே. "ஏய், ஒரு நிமிஷம் இங்க வா. இதைப் பாத்துட்டுப் போ." வந்தவள் யாரென்று அவளுக்குத் தெரியாது. அதனால் என்ன? அடுத்த நொடி அந்தப் பெண் பட்டறைக்குள் நின்று மழைக்கூடு ஒன்றை மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

முன்னால் மரப்பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளைகளை உட்கார்த்திப் பள்ளிக்கு மிதிக்கிறார்களே, அந்தப் பெட்டிக்குத்தான் இந்தக் கூடு. ஆஃப்கே தைக்கிற கூட்டை ஒரே கையால் மடக்கிவிடலாம். மறு கை அழுகிற பிள்ளைக்கு. டெவென்டர் நகரத்தில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது அவள் பட்டறை. அதற்கு மேல்தான் வீடு.

எங்கள் தெருவில் யாருமே அதிகமாகத் திரை போடுவதில்லை. ஆனால் ஆஃப்கே வீட்டில் திரைக்கம்பியே கிடையாது. கேட்டால், "திரை போட்டா உள்ள என்னமோ தப்பு நடக்குதுன்னு அர்த்தம். நான் என்ன கள்ளநோட்டா அடிக்கிறேன்?" என்பாள். ஆறடி உயரம், காதோரம் நரை, சட்டைக் காலரில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று. அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்துகிறவர்கள் ஜாக்கிரதையாகவே பிடிப்பார்கள். நான் இரண்டு முறை குத்துப்பட்டவன்.

கூட்டின் இடப்பக்கம் பிறை வடிவில் ஒரு தையல் ஓடும். எதற்கென்று கேட்காதவர்கள் கிடையாது. முதல் கூட்டைத் தைக்கும்போது இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு யாருடனோ பேசப் போய்விட்டாள். துணி பொசுங்கிவிட்டது. "ஓட்டையை மறைக்கத்தான் போட்டேன். பாத்தா நல்லாருந்துது. இப்ப ஓட்டை இல்லாட்டியும் போடறேன்."

அந்த முதல் கூட்டை அவள் உலகுக்குக் காட்டியது போன வருஷம் அக்டோபரில், தன் பிறந்தநாளன்று. வட்டமாக நாற்காலி போட்டு, இங்கத்து வழக்கப்படி பிறந்தநாள்காரிக்கு மட்டுமில்லாமல் அவள் அக்காவுக்கும் அண்டை வீட்டுக்காரர்களுக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லி, ஆளுக்கொரு துண்டு ஆப்பிள் கேக்கோடு உட்கார்ந்திருந்தோம். வட்டத்தின் நடுவே கூடு மாட்டிய சைக்கிளையே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். எல்லோரும் மடக்கிப் பார்த்தோம். பக்கத்து வீட்டு ஹென்னியின் புருஷன் கூட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டு, கடுகு தடவிய பாலாடைக்கட்டியை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்டில், நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஒரு கடையில் அதே கூட்டின் நகல் மலிவாக விற்பனைக்கு வந்தது. அதே மடிப்பு, அதே முதுகு வளைவு. ஆஃப்கேயிடம் வாங்கிக்கொண்டிருந்த சைக்கிள் கடைகள் ஒவ்வொன்றாக விலகின. ஒரு வாரம் பட்டறையில் விளக்கே எரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து, கடைசியில் போய்க் கதவைத் தட்டினேன். பட்டறையைக் காலி செய்துவிட்டு எங்காவது தையல் வேலைக்குப் போகிறேன் என்றாள். "போறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பாத்துட்டுப் போ" என்று ரூலோஃபிடம் இழுத்துப் போனேன். கண்டுபிடிப்பு, வடிவம், வணிகப் பெயர் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல். சின்ன வயது, பெரிய பொறுமை.

"பதியறதுக்கு முன்னாடி இதை யார் யார் பாத்தாங்க, மேடம்?"

"மேடம்னு கூப்பிடாத, என் மாமியார் ஞாபகம் வருது. யார் பாக்கலைன்னு கேளு." பெருமையாகச் சொன்னாள்.

ரூலோஃப் பேனாவைக் கீழே வைத்தான். "அப்போ மடக்கற வித்தைக்குக் காப்புரிமை கெடைக்காது. வெளியில காட்டிட்டா அது புதுசு இல்லைன்னுதான் ஐரோப்பா பூராவும் சட்டம்."

"நானேதானே காட்டினேன்?"

"நீங்களே காட்டினாலும்தான்."

அவள் முகம் தொங்கிப்போனது. ஊரில் எல்லோரும் பூட்டிவைக்கிறதை இவள் ஜன்னலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கே கோபம் வந்தது. அவள்மீதா, சட்டத்தின்மீதா என்று தெரியவில்லை.

ரூலோஃப் அந்தக் கடையில் வாங்கிய நகலையும் ஆஃப்கேயின் கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுற்றி வந்தான். "தோற்றம் வேற கணக்கு. மொதல்ல காட்டின நாள்லேருந்து ஒரு வருஷம் வரைக்கும் டைம் உண்டு. அதுக்குள்ள பதிஞ்சா, நீங்க காட்டினது உங்களுக்கு எதிரா நிக்காது. மொதல்ல எப்போ காட்டினீங்க?"

"என் பொறந்தநாள்ல."

"அது எப்போ?"

"அடுத்த மாசம். கேக் உண்டு, வா."

அவன் சிரிக்கவில்லை. அந்த ஒரு வருஷம் முடிய ஒரு மாசம்தான் இருந்தது. நகலின் இடப்பக்கத்தை விரலால் தடவினான். அங்கேயும் ஒரு பிறை. "இது எதுக்கு?"

"ஒண்ணுத்துக்கும் இல்ல. என் துணி பொசுங்கிடுச்சு."

இப்போது சிரித்தான். "அவங்க துணியுமா பொசுங்கிச்சு? மடிப்பைத் தானா கண்டுபிடிச்சோம்னு அவங்க சொல்லிக்கலாம். ஒண்ணுக்கும் உதவாத தையலை எங்கேருந்து கண்டுபிடிச்சாங்க? பதியாத தோற்றத்துக்கும் மூணு வருஷம் பாதுகாப்பு இருக்கு, காப்பியடிச்சாங்கன்னு காட்டணும், அவ்வளவுதான். அதை இந்தத் தையல் காட்டும். பதியவும் பதிவோம், அவங்கள நிறுத்தச் சொல்லிக் கேக்கவும் கேப்போம்."

அன்று சாயங்காலம் பட்டறையில் விளக்கு எரிந்தது.

பிறந்தநாளுக்கு முன்பே அந்தத் தோற்றம் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அவள் பெயரில் பதிவாகிவிட்டது. நகல் விற்ற கடைக்காரர்கள் முதலில் 'இது பொதுவான வடிவம்' என்று எகிறினார்கள். பிறையைப் பற்றிக் கேட்டதும் சத்தம் இறங்கியது.

போன சனிக்கிழமை மறுபடி நாற்காலி வட்டம். ரூலோஃபும் வந்திருந்தான். முறைப்படி எல்லோருக்கும் கைகுலுக்கி முடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். கடை விற்பனையை நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த நகல்களையும் எடுத்துவிட்டார்கள். மடக்குகிற வித்தையை மட்டும் இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

"செய்யட்டுமே, பிள்ளைங்க நனையாம போகுதுல்ல" என்றாள் ஆஃப்கே. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயமே இல்லாத வீட்டில் வெங்காயத்தைத் திட்டினாள்.

வட்டத்தின் நடுவே பழைய தார்ப்பாய் போர்த்தி ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. "அது என்ன, புதுசா? காட்டு, காட்டு" என்றாள் ஹென்னி. ஆஃப்கேயின் கை தன்னால் தார்ப்பாயின் நுனிக்குப் போனது. பாதி தூக்கியவள் ரூலோஃபைத் திரும்பிப் பார்த்தாள்.

"பதிஞ்சாச்சா?"

"திங்கக்கிழமைதான் அனுப்பறேன்" என்றான், வாயில் கேக்கோடு.

தெருவில் இரண்டு பேர் நின்று, திரையில்லாத ஜன்னல் வழியே எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஃப்கே அவர்களுக்குக் கையாட்டினாள். பிறகு தார்ப்பாயை இறக்கி, முழங்கால் போட்டு உட்கார்ந்து, காலரிலிருந்த ஊசியை உருவி, எல்லோரும் பார்க்க அதன் வாயைத் தைத்து மூடினாள், பிறை வடிவில்.