டூகலின் தொடையில் ஏறிய மான் மருந்து

என் தங்கை மோராக்கின் புருஷன் டூகல், மாஸ்பர்ன் என்ற ஊரில் முப்பது வருஷமாக மான் பண்ணை நடத்தியவன். அவன் அப்பா ஆங்கஸ் ஆட்டுக்காரர். அம்மா வழியில் எல்லோரும் நிலக்கரிச் சுரங்கம். குடும்பத்தில் மானைத் தொட்ட முதல் ஆள் இவன்தான். பிடிவாதம் மட்டும் இரண்டு பக்கத்துச் சொத்து.

எங்கள் தென்கோளத்தில் வசந்தமான நவம்பரில், மருந்துக்கு விலைபோகிற இளங்கொம்பை முற்றுவதற்குள் ஆண்மான்களிடமிருந்து அறுத்தாக வேண்டும். மயக்க ஊசி போட்டு, மான் சாய்ந்ததும் கொம்படி மரத்துப்போக மருந்து, பிறகு ரம்பம். எல்லாம் முடிந்ததும் எழுப்புகிற ஊசி. டூகல் மயக்க ஊசியை மூடியில்லாமல் கால்சட்டைப் பையில் செருகிக்கொள்வான். மிரண்ட மானுக்கு முன்னால் மூடி திறக்க ஏது நேரம் என்பது அவன் நியாயம்.

"அந்தப் பை ஒருநாள் உன்னையே கடிக்கும்" என்பாள் மோராக்.

"இத்தனை வருஷம் கடிக்கலையே, கிழவி!"

அவனுடைய அறுபத்திரண்டாம் வயதில், நான் கொம்பறுப்புக்கு உதவியாக நின்ற ஒருநாள், கடித்தது. ஒரு மான் திரும்பிய வேகத்தில் அவனைப் பலகைச் சுவரோடு நசுக்க, ஊசி தொடையில் ஏறி மருந்தும் இறங்கிவிட்டது.

"சிராய்ப்புதான் மச்சான், ரம்பத்த எடு" என்றான். ஐந்து நிமிஷத்தில் நாக்குக் குழறியது. வெளுத்துப்போய் அப்படியே சரிந்தான். ஊசியைப் பிடுங்கிப் பார்த்தேன், காலி. ஒரு மானைச் சாய்க்கிற அளவு.

மோராக்கைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே எழுப்புகிற ஊசியை எடுத்தேன். இத்தனை மானை எழுப்பியது இவனை எழுப்பாதா?

மோராக் வீட்டிலிருந்து போனோடு ஓடிவந்தாள். "கீழ வைண்ணே! அது மானுக்கு. இவன் ஊரறிஞ்ச மடையன்தான், ஆனா மான் இல்ல!"

விஷ முறிவு மையத்து நர்ஸும் போனில் அதையே சொன்னாள். ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது, அது வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவைத்து மூச்சை எண்ணுங்கள் என்றாள். மயங்கிய மானுக்குத் தினமும் செய்கிற வேலைதான். கழுத்தை நீட்டி, வாயைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன். மோராக் அவன் விலாவில் உள்ளங்கையை வைத்து எண்ணினாள். நிமிஷத்துக்குப் பத்து. அப்புறம் எட்டு. ஏழுக்கு வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"மூச்சு விடு டூகல்! விடுன்றேன்ல!"

விட்டான். ஹெலிகாப்டர் வந்து இறங்கும்வரை அவள் அதட்ட அதட்ட விட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் மத்தியானம் பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண் திறந்தான்.

"கொம்பு?" என்றான்.

"உன்னுதா? அறுத்தாச்சு" என்ற மோராக், அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

அவன் வீடு திரும்பியபோது அவனுடைய எல்லாக் கால்சட்டைகளிலும் பையைத் தைத்து மூடியிருந்தாள். டூகலுக்கு இப்போது எழுபத்தொன்று. கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை என்று இன்றும் புலம்புகிறான். புலம்பட்டும். மூச்சு இருக்கிறவன்தானே புலம்புவான்.