பட்டுச்சு என்று சொல்லாதவன்

போன சனிக்கிழமை எங்கள் எஸ்டேட் கிளப் மண்டபத்தில் என்னைப் பலகை உடைக்கச் சொன்னார்கள்.

வேறு ஒன்றுமில்லை... ட்ரெயினிங். கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். கறுப்பு டீ-ஷர்ட், கன்னத்தில் ஒட்டிய மைக். திரையில் 'தற்காப்புக் கலையும் வேலையிட வெற்றியும்' என்று பெரிய எழுத்து. கிராணிமார், மண்டோர்கள், தொழிற்சாலை சூப்பர்வைசர்கள் என்று முப்பது பேர் ஸ்வெட்டருக்குள் சுருண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு மெல்லிய பலகை கொடுத்தார்கள். அதில் நம்முடைய பயம் எதுவோ அதை மார்க்கரால் எழுத வேண்டுமாம். பிறகு கத்திக்கொண்டே குத்தி உடைக்க வேண்டுமாம். பயம் போய்விடுமாம்.

என் பக்கத்திலிருந்த சூப்பர்வைசர் 'ஆடிட்' என்று எழுதி உடைத்தார். ஆடிட் அடுத்த மாதம் எப்படியும் வரத்தான் போகிறது.

"தற்காப்புக் கலை நமக்கு என்ன சொல்லித் தருது? எதிராளி அசந்த நேரத்துல அடிக்கணும். அடுத்தது, நமக்கு அடி பட்டா மொகத்துல காட்டவே கூடாது. ஆபீஸ்லயும் அதேதான்" என்றார் பயிற்சியாளர். முன்வரிசையில் மேனேஜர் தலையை ஆட்டினார். தொழிலாளர்கள் இன்னும் துரை என்றுதான் அவரைச் சொல்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மேல் பாதி, என் மேல் பாதி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரா வாரம் இங்கே உங்களோடு வாயாடுகிறவனுக்குச் சோறு போடுவது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். வெளிக்காட்டுக் கிராணி, அதாவது தேயிலைக் காட்டு வேலைகளைப் பார்க்கும் குமாஸ்தா. எந்தக் காட்டில் மருந்து அடிப்பது, எந்தக் காட்டில் கொழுந்து எடுப்பது என்று நாள் குறிப்பது என் வேலை. ஞாயிறு காலையில் சிலம்பம், எட்டு வருடமாக.

எங்கள் சிலம்ப வாத்தியார் கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவர். என் வயதுதான். கோயில் மண்டபத்தில் அவர் நடத்தும் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஜோடி போட்டு ஆடும்போது நடுவர் கிடையாது. எதிராளியின் கம்பு உடம்பில் பட்டால், பட்டவர்தான் "பட்டுச்சு" என்று சொல்லி ஓரடி பின்னால் போக வேண்டும். அடித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. லேசாக உரசினாலும் சரி, யாருமே பார்க்காவிட்டாலும் சரி.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதா? ஆடிப் பாருங்கள். சட்டையில்தான் பட்டது, கம்போடு கம்புதான் உரசியது என்று மனசு உடனே வக்கீல் வைத்துவிடும். முதல் வருடம் முழுக்க நான் எத்தனை அடியை விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அங்கே என் ஜோடி பரமேஸ்வரி. வேலை நாட்களில் என் டிவிஷனில் கொழுந்து எடுக்கும் கும்பலை நடத்துகிற மண்டோர். பதினோரு வருடம் கொழுந்து எடுத்து, அதற்கப்புறம் மண்டோர் ஆனவள். எங்கள் டிவிஷனில் ஒரு பெண் மண்டோர் ஆனது அதுதான் முதல் தடவை. காட்டில் என்னை 'ஐயா' என்பாள், மண்டபத்தில் 'அண்ணே'. என்னைவிட நன்றாக ஆடுவாள். என் கம்பு அவள் முழங்கையைத் தொட்டதா இல்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே "பட்டுச்சுண்ணே" என்று பின்னால் போய்விடுவாள்.

அவளுக்குத்தான் நான் இதைச் செய்தேன்.

மருந்து அடித்த காட்டின் முகப்பில் மூங்கில் கழியில் சிவப்புத் துணி கட்டுவோம். ஏழு நாள் அந்தத் துணி இருக்கும். அதுவரை அங்கே ஒரு கொழுந்துகூட எடுக்கக் கூடாது. துணியை அவிழ்க்க கிராணி கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும் என்பது விதி. நடப்பு என்ன? வாக்கி-டாக்கியில் ஒரு வார்த்தை. மேட்டுக் காட்டுக்குச் சீட்டைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? அலைய வேண்டியவன் நான். நான் அலைந்ததே இல்லை.

போன மாதம் பன்னிரண்டாம் நம்பர் காட்டில் ஒரு திங்கட்கிழமை மருந்து அடிக்க ஆரம்பித்தோம். கீழ்ப்பாதி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மேல்பாதியை வியாழக்கிழமைதான் அடித்தோம். ஏழு நாளை வியாழனிலிருந்து எண்ண வேண்டும். நான் திங்களிலிருந்து எண்ணிவிட்டேன்.

அடுத்த திங்கள் சாயங்காலம் வாக்கி-டாக்கியில் பரமேஸ்வரி கேட்டாள். "ஐயா, பன்னெண்டாம் நம்பர்ல துணிய அவுத்துரலாமா? மேல்பாதி லேட்டாதானே அடிச்சாங்க?"

கவனியுங்கள். அவள் கேட்டாள். சந்தேகத்தோடுதான் கேட்டாள்.

"நாள் முடிஞ்சிருச்சுலா, அவுத்துரு" என்றேன்.

மறுநாள் அவள் கும்பல் எடுத்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போனது. மருந்துப் புத்தகத்தின் தேதியோடு யாரோ ஒத்துப் பார்த்துவிட்டார்கள். கொழுந்து ஒரு கிலோகூட மிச்சமில்லாமல் குழியில் கொட்டப்பட்டது.

அடுத்த வாரம் ஆபீசில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் இன்னும் இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் பரமேஸ்வரி, நின்றுகொண்டு. ஓரத்தில் நாற்காலியில் நான்.

"சீட்டு எங்க?" என்றார் மேனேஜர்.

"சீட்டு இல்லீங்க. கிராணி ஐயா வாக்கி-டாக்கில சொன்னாரு. எப்பவும் அப்படித்தானுங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னீங்களா?"

பட்டுச்சு என்று சொல்ல வேண்டிய நேரம் அது. எட்டு வருடம் கம்பைச் சுற்றியவன் நான்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல, சார்."

இந்த உலகத்தில் எத்தனையோ பொய் உண்டு. அவற்றிலேயே ஆபீசுக்கென்று தைத்த பொய் இதுதான். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. சொன்னவன் கையில் கறை ஒட்டாது. எதிரே நிற்கிறவள் மட்டும் பொய்க்காரி ஆகிவிடுவாள். பரமேஸ்வரி என்னைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெட்கமில்லாமல் வகுப்புக்கும் போனேன். கம்பை எடுத்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன்.

"வேற ஆள் பாத்துக்குங்க, ஐயா" என்றாள்.

மண்டபத்தில் அவள் என்னை ஐயா என்றது அன்றுதான். அதைவிட அவள் என் மண்டையில் ஒன்று போட்டிருக்கலாம். அப்போதாவது எனக்கு ரோஷம் வந்ததா? வரவில்லை. வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இதை எழுதும்போது என் கையை நானே கடிக்கலாம் போலிருக்கிறது.

இப்போது புரிகிறதா, சனிக்கிழமை எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று? மண்டோர்கள் வரிசையில் பரமேஸ்வரி இல்லை. அவளைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை அவள் மண்டோர் வேலையைப் பிடுங்கும் கடிதத்தில் மேனேஜர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அவளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே எங்களுக்குத் தற்காப்புக் கலை பாடம்.

"இங்க யாராச்சும் தற்காப்புக் கலை பழகுறவங்க இருக்கீங்களா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"நம்ம கிராணி இருக்காரே, சிலம்பம்" என்றார் மேனேஜர் பெருமையாக.

மைக்கைக் கையில் திணித்தார்கள். என் பலகையில் நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை.

"இவரு சொன்ன பாடம் எனக்கு நல்லாவே வருது" என்றேன். "அடி பட்டுச்சு. மொகத்துல காட்டல. பன்னெண்டாம் நம்பர் காட்டுத் துணிய அவுக்கச் சொன்னது நான்தான். நாள எண்ணுனதுல தப்புப் பண்ணுனதும் நான்தான். பரமேஸ்வரி சொன்னது அத்தனையும் நெசம். விசாரணை அன்னிக்கும் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு."

பிறகு என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பயிற்சியாளர் கை தட்டினார். "பாருங்க, இதான் போர் வீரனோட தைரியம்" என்றார். எல்லோரும் தட்டினார்கள். சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். பயிற்சியாளர் என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

தைரியமாம். பன்னிரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவனுக்கு.

தேநீர் இடைவேளையில் மேனேஜர் என்னை ஓரமாக இழுத்தார். "இத தனியா வந்து சொல்லியிருக்கலாமே. இத்தன பேரு முன்னாடி எதுக்கு?"

"அவளத் தனியா வச்சா கேட்டீங்க, சார்?"

அவர் முகம் சிவந்தது.

திங்கட்கிழமை பரமேஸ்வரியின் கடிதம் கிழிபட்டது. எச்சரிக்கைக் கடிதம் என் பேருக்கு வந்தது. இனி சீட்டில்லாமல் எந்தத் துணியும் அவிழாது. மேட்டுக் காட்டுக்கு ஏறி இறங்கி முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும்.

அன்று மத்தியானமே காட்டுக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் கொழுந்துக் கூடையைக் கீழே வைக்காமல் நின்றபடியே கேட்டாள்.

"சரிங்கய்யா. என் கும்பல்ல இருந்த பங்களாதேஷ் ஆளுங்க நாலு பேரு வேற மண்டோர்கிட்ட போயிட்டாங்க. என்கூட நின்னா அவங்களுக்கும் பேரு கெட்டுருமாம். மைக்கு புடிச்சு அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

அன்று சாயங்காலம் அவர்கள் தங்கியிருக்கும் லயத்துக்கு நானே போனேன். எனக்குத் தெரிந்த மலாயில், நான் செய்ததை நால்வரிடமும் சொன்னேன். அங்கே யாரும் கை தட்டவில்லை. "பொஸ், நீங்க பொய் சொன்னீங்களா?" என்று ஒருவன் மலாயில் கேட்டான். ஆமாம் என்றேன். இரண்டு பேர் அவளிடம் திரும்பிப் போயிருக்கிறார்கள். மற்ற இருவர் யோசித்துச் சொல்கிறார்களாம்.

நேற்று அந்தப் பயிற்சியாளர் போன் செய்தார். அடுத்த ட்ரெயினிங்கில் என் கதையைச் சொல்ல அனுமதி வேண்டுமாம்.

"தாராளமா சொல்லுங்க" என்றேன். "ஆனா மொத நாளே நின்ன எடத்துல உண்மையச் சொன்னது பரமேஸ்வரி. அதுலேருந்து ஆரம்பிங்க. கை தட்டணும்னா அவங்களுக்குத் தட்டச் சொல்லுங்க."

"அவங்களயும் சேத்தா கத ரொம்ப நீளமாப் போயிருமேலா, சார்."

அதனால்தான் இங்கே எழுதினேன். முழு நீளத்துக்கு.