சூடாக இருந்த சுவர்

ஓசூர் தொழிற்பேட்டையில் முன்பு வண்டி உதிரிபாகங்கள் செய்துகொண்டிருந்த ஒரு பழைய ஷெட்டுக்குள் நாங்கள் கீரை வளர்த்தோம். மண் கிடையாது, வெயில் கிடையாது. இரும்பு ரேக்குகளில் ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் உரம் கலந்த தண்ணீர் ஓடும் ட்ரே, அதற்கு மேலே வரிசையாக விளக்கு. பெங்களூர் ஓட்டல்களுக்கு லெட்யூஸும், துளசி மாதிரி மணக்கும் பேசிலும் இங்கிருந்து போயின. நான் பகல் ஷிப்ட் சூப்பர்வைசர்.

விளக்குகள் ஊதா கலந்த சிவப்பு. அந்த வெளிச்சத்தில் இலைகள் கறுப்பாகத் தெரியும். மனிதர்களின் உதடு முகத்தோடு கரைந்துபோய், வாயே இல்லாதவர்கள் போல் இருப்பார்கள். சேர்ந்த புதிதில் எனக்கு அங்கே நிமிர்ந்து யாரையும் பார்க்கப் பிடிக்காது. பூச்சி வரக் கூடாது என்பதற்காகச் செருப்பு மாற்றி, கை கழுவி, தலைக்கு உறை போட்டு, இரண்டு கதவுகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

ரேக்குகளுக்கு நடுவே சக்கரத்தில் நகர்ந்து மேல் அடுக்குகளுக்கு ஏறும் லிஃப்ட்டை ஓட்டியவள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முப்பது வயதிருக்கும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். முந்தின நாள் யானை வந்து ராகியை மிதித்துவிட்டுப் போனதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு லிஃப்ட்டை அவசரமாக இறக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மேல யாரோ வாய மூடிக்கினு பாடற மாதிரி இருக்குது."

"பம்ப் சத்தமா இருக்கும்."

"பம்ப நிறுத்திட்டுத்தான் கேட்டேன்."

நானும் ஏறினேன். கடைசி ரேக், ஆறாவது அடுக்கு, சுவரோரம். பழைய செங்கல் சுவருக்கு முன்னால், குளிர் வெளியே போகாமல் இருக்க வெள்ளைப் பேனல்கள் அடித்திருந்தார்கள். விரல் மரத்துப்போகிற அந்த அறையில், பேனலில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல்காரர் முதுகைத் தொட்டது போலச் சுட்டது. காதை வைத்தால் முனகல். நிற்காமல், மூச்சு வாங்காமல். விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினேன். உள்ளே எல்லாம் ஒன்றாகப் பல்லைக் கடித்து 'ஸ்ஸ்' என்று மூச்சிழுத்தது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

"பேடக்கா! தட்டாதீங்க, பேடா!" கீழே இறங்கும்வரை அவள் என் கையை விடவில்லை.

மேனேஜர் பெங்களூர்க்காரர், சின்ன வயது. கம்ப்யூட்டரிலிருந்து முகத்தை எடுக்காமல், "ஏசி வைப்ரேஷன் மேடம், டக்ட் பக்கத்துல போகுதில்ல," என்றார். மதியத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. பழைய கம்பெனியில் ஒருவருக்கு மிஷினில் கை போனது என்றாள் ஒருத்தி. உயிரே போனது என்றாள் இன்னொருத்தி. மறுநாள் இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. நான் வந்தேன், ஆனால் அந்த ரேக்குக்கு முதுகைக் காட்டி நிற்க முடியவில்லை.

மூன்றாம் நாள், பேக்கிங் மேஜையில் ஒரு லெட்யூஸைப் பிரித்தபோது நடுவில் ஒரு தேனீ செத்துக் கிடந்தது. அந்த அறைக்குள் நான் பார்த்த முதல் பூச்சி.

கடைசி ரேக்குக்கும் மூலைக்கும் நடுவில் லிஃப்ட் நுழையாது. அங்கே இருந்த ஒரே ஒரு ட்ரேயை யாராவது அறுத்திருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்து, மாதக்கணக்கில் யாரும் அறுக்கவில்லை. லிஃப்ட் ஓட்டுகிறவள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, லிஃப்ட்டின் கைப்பிடிக் கம்பியில் ஏறி நின்று செல்போன் டார்ச்சை அடித்தேன். பேசில் செடிகள் தண்டு முற்றி, விளக்குகளைத் தாண்டிக் கூரையில் முட்டி வளைந்து, பூத்திருந்தன. ஒவ்வொரு பூவிலும் தேனீ. பறக்கவில்லை. சாயங்காலமே வராத அந்த வெளிச்சத்தில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. செத்தவை வேர்களுக்கிடையே தண்ணீரில் ஒரு படலமாக மிதந்தன. பேனல் இணைப்பில் விரல் நுழையும் அளவு ஓர் இடைவெளி. அதன் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தன.

"அடுக்குத் தேனீக்கா." அவள் முகத்திலிருந்து பயம் போய்விட்டது. "செவுத்துக்குள்ள கட்டியிருக்குது. எங்க ஊர்ல எடுக்கறவர் இருக்கறாரு. பொகை போட்டா கூட்டத்தோட பிடிச்சிக்கினு போயிடுவாரு. நாளான்னிக்குக் கூட்டியாறேன்."

உள்ளே புகை போடக் கூடாது என்றார் மேனேஜர். மருந்தடிக்கிறவர்களை அன்றைக்கே வரச் சொல்லலாம், என்ன செய்ய என்று என்னைக் கேட்டார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். எனக்கு அந்த முனகல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். "மருந்தே அடிச்சிடலாம் சார்," என்றேன்.

ஷெட்டின் பின்பக்கம், செங்கல் சுவரின் ஓட்டை வழியாக மதியம் அடித்தார்கள். நாங்கள் உள்ளே நின்றோம். முனகல் ஏறிக்கொண்டே போய், அதுவரை எதையும் கேட்டிராதவர்களுக்குக்கூடக் கீழே கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. சாயங்காலம் பேனல் மற்ற பேனல்களைப் போலச் சில்லென்று இருந்தது. வெளியே மேயப் போயிருந்த தேனீக்கள் சிமெண்ட் பூசிய ஓட்டை முன்னால் நான்கைந்து நாள் சுற்றிக்கொண்டிருந்தன.

அத்தோடு முடியவில்லை. அந்த வாரம் வெயில் கடுமை. இறக்கையால் விசிறிக் குளிரவைக்கத் தேனீக்கள் இல்லாமல் சூடேறி, சுவருக்குள் கூடு இளகி விழுந்தது. ஒருநாள் காலை கதவைத் திறந்தால், பேனல் இணைப்பிலிருந்து ஏதோ கசிந்து ஆறாவது அடுக்கிலிருந்து ஐந்துக்கு, ஐந்திலிருந்து நான்குக்கு, கடைசி அடுக்கு வரை சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்தது. "ரத்தம்!" என்று ஒருத்தி கத்தினாள். மருந்து கலந்த தேன். அந்த ரேக்கின் பயிர் முழுவதையும் வாரிக் கொட்டினோம்.

பேனலைக் கழற்றியபோது ஏழு அடைகள் வரிசையாக இருந்தன, பாதி சரிந்து. அறைகளுக்குள் வெள்ளையாகப் புழுக்கள், அசையாமல். லிஃப்ட் ஓட்டுகிறவள்தான் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"நீ சொன்னத கேட்டிருக்கணும்," என்றேன்.

"விடுங்கக்கா. பயம். எனக்கும்தான இருந்துச்சு."

அதன் பிறகும் ஒரு மாதம் லிஃப்ட் ஓட்டினாள். பிறகு விதை போடும் அறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். காரணம் எழுதும் இடம் காலியாக இருந்தது. நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.