கடல் தரை நிலையத்தை அசைக்க விடாதவர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் ஒரு அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். முன்சீட்டுக் கம்பியில் உள்ளங்கையைப் பதித்து, அதன் அதிர்வைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

கைப்பேசியில் அவருடைய மேலதிகாரி பேசினார். ஆழ்கடல் தரையில் இறக்கி வைத்திருக்கும் கண்காணிப்பு நிலையத்தில் இதுவரை எதுவும் பதிவாகவில்லை, அதை மேலே எடுக்க இவர் சம்மதம் வேண்டும் என்பது பேச்சில் புரிந்தது.

"ஒண்ணுமே நடக்கலைங்கிறதும் பதிவுதான் சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கெணத்துல விழுந்த வாளியவே நாங்க அன்னைக்கே எடுத்துருவோம் தாயி. நீங்க அம்புட்டு பெரிய மெஷின அங்கனயே கெடக்கட்டும்ங்கியளே?"

சிரித்தார். "அது சேத்துல அமுங்கி அசையாம உக்காரவே மாசக்கணக்காகும் அண்ணாச்சி. பொறவுதான் தரை நகருதா, நடுங்குதான்னு நம்பிச் சொல்லலாம். எடுத்துட்டுத் திரும்ப வச்சா எல்லாம் மொதல்ல இருந்து. நடுவுல தரை சரிஞ்சா யாரு பாத்தா?"

"வேலை போயிருமே?"

"என்னைய வேணா வீட்டுக்கு அனுப்பட்டும். அதை அசைக்க விடமாட்டேன்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்த நிலையம் இன்னும் கீழே இருக்கிறதா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. இருக்கிறது என்றுதான் சொல்வேன். இல்லை என்பவர்கள் அந்த அம்மாளிடம் பேசிப் பார்க்கட்டும்.