கடைசி வரி வரை படிப்பவள்

சுனாமி வந்துபோன சில ஆண்டுகளில், நாகர்கோவிலில் ஒரு சிறிய அலுவலகத்தில் மீனவர்களுக்குக் கடல் எச்சரிக்கை அனுப்பும் குறுஞ்செய்தி மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். பக்கத்து நாற்காலிக்காரிக்குக் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். மெலிந்த உடம்பு, கண்ணில் விழும் சுருட்டை முடி. வேறொரு ஃபைலில் எழுதியிருக்கும் நிரலை இம்போர்ட் செய்து எங்கள் நிரலில் சேர்ப்பதென்றால், முதலில் அந்த ஃபைலைத் திறந்து, திரையில் விரல் வைத்துக் கடைசி வரி வரை படிப்பாள். எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மதியம் பழைய ஃபைல் ஒன்றைப் படிக்காமலே இம்போர்ட் செய்து ஓட்டினேன். மேசைமேல் இருந்த, குறுஞ்செய்திகளை அனுப்பும் மோடத்தில் பச்சை விளக்கு மினுங்கியது. அவள் எட்டி ஒயரைப் பிடுங்கினாள்.

"என்னத்த மக்கா போட்டே?"

"நம்பர சரிபாக்குத பங்ஷன் மட்டுந்தான் எடுத்தேன்."

"இம்போர்ட் பண்ணினா முழு ஃபைலும் ஓடும். அடியில பாரு."

அடியில், யாரோ சோதித்துப் பார்த்துவிட்டு அழிக்க மறந்த வரி. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் 'கடல் ஏறி வருகிறது, ஓடுங்கள்' என்று அனுப்பும் வரி.

"எத்தன பேருக்குப் போச்சு?"

"ஒண்ணுதான். லிஸ்ட்டுல மொதல்ல இருக்க எங்க அம்மைக்க நம்பர்."

செல்லில் அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்காவது தடவைதான் எடுத்தார்கள். மூச்சிரைக்கும் குரல் எனக்கே கேட்டது.

"ஏட்டி, தெரு முழுக்க விளிச்சாச்சு. எல்லாரும் பிள்ளையளத் தூக்கிட்டு மேட்டுல நிக்கோம். நீ இங்கோட்டு வராதே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, நான்தான் தெரியாம அனுப்பிட்டேன்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்க எனக்கு இன்றுவரை பயம்.