சொட்டு நின்ற பிற்பகல்

வெற்றி வந்தால் சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும் என்று முப்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். ரசாயனத்தில் பட்டம் வேறு வாங்கியிருந்தேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில், நெய்வேலியில் உரத் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த சமயம். மந்தாரக்குப்பத்தில் ஒரு சின்ன கம்பெனி வாடகைக்குப் பிடித்த வீட்டின் சமையலறைதான் எங்கள் ஆய்வுக்கூடம். எங்கள் என்றால் நானும் திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவரும். வினையூக்கியாக நிக்கல் வில்லைகளை ஒரு குழாயில் நிரப்பி, சூடேற்றி, மீத்தேனையும் கொஞ்சம் ஆக்சிஜனையும் அதன் வழியே அனுப்புவோம். வில்லைகளின் மேல் ஆக்சைடு தோல் போர்த்தியிருந்தால் மீத்தேன் முழுதாக எரிந்து, கரியமில வாயுவும் நீராவியுமாகப் போகும். தோல் உரிந்து உலோகம் தெரிந்தால் பாதிதான் எரியும். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் வரும். உரத்துக்கு மூலப்பொருளாக எங்களுக்கு வேண்டியது அதுதான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆளைக் கொல்வதற்கு அவை தேவையுமில்லை.

வாரக்கணக்கில், நீராவி குளிர்ந்து இறங்க நாங்கள் வைத்திருந்த குடுவையில் தண்ணீர்தான் சொட்டியது. "தண்ணி காய்ச்சி இறக்கதுக்கா வே நம்மள வேலைக்கு வச்சிருக்கான்?" என்பார் நண்பர்.

கழிவு வாயு ரப்பர் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. அன்று காலை பின்வீட்டு அம்மாள் வந்து நின்றார்.

"சார், அந்தக் குழாய உள்ள இழுத்துக்குங்க. எங்க ஆடு அங்கதான் மேஞ்சிகினு இருக்குது. அதுக்கு எதுனா ஆச்சுன்னா?"

ஆட்டின் நலம் கருதிக் குழாயை உள்ளே இழுத்தோம். நிலக்கரித் தூசிக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தினோம். "நாம மூச்சுல விடறதுதானே சார் இதுலயும் வருது" என்று நான் நண்பருக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

பிற்பகலில் ஆக்சிஜன் உருளை தீரும் நிலைக்கு வந்ததால் வரத்தைக் குறைத்தேன். சற்று நேரத்தில் சொட்டு நின்றது. சூடும் இறங்கியது. முழுதாக எரிந்தால் சூடு அதிகம், பாதி எரிந்தால் குறைவு. இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் சொன்னேன்: "தோத்துப்போச்சு சார். அணைஞ்சிடுச்சு."

"அப்பம் நான் ஒரு தூக்கம் போடுதேன்" என்று நண்பர் மேஜைமேல் தலையைச் சாய்த்தார்.

நான் குழாயருகே உட்கார்ந்து துக்கம் காத்தேன். தலை வலித்தது, தோல்வியின் வலி என்று எடுத்துக்கொண்டேன். அறையில் அப்படி ஓர் அமைதி. நண்பரின் குறட்டை தெருவுக்கே தெரிந்த விஷயம். அது கேட்கவில்லை. கேலி செய்யலாமென்று கூப்பிட்டேன். பதிலில்லை. தோளை உலுக்கினேன். மேஜையிலிருந்து அவர் கை சரிந்து தொங்கியது.

அப்போதுதான் காய்ந்து கிடந்த குடுவை கண்ணில் பட்டது. ஆக்சிஜன் குறைந்ததில் தோல் உரிந்துவிட்டது. பரிசோதனை ஜெயித்து, எவ்வளவு நேரமாகவோ எங்கள் மூக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

எழுந்தேன். கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. ஜன்னல் கொக்கி விரல்களுக்கு அகப்படவில்லை. முழங்கையால் கண்ணாடியை உடைத்தேன். அவரை அக்குளில் பிடித்து இழுத்துப்போய், வாசலில் இருவரும் சேர்ந்தே விழுந்தோம். அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அது அசையவில்லை. ஆடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் ஓர் இருமல் கேட்டது.

மறுநாள் நண்பரின் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து, நேற்று நாம் ஜெயித்துவிட்டோம் என்ற செய்தியைப் பெருமையோடு சொன்னேன்.

"இனிமே தோத்துக்கிட்டே இரும் வே" என்றார். "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கு."