காடு எல்லாருக்கும், வளவு எனக்கு

மரப்புகையும் தேனும் கலந்த ஒரு வாசனை…

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை செய்த அந்தச் சின்ன ஒஃபிஸுக்குள் அன்று முதலில் வந்தது அதுதான். பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் போர்டிங்கில் இருந்தேன். ஒரு சட்டத்தரணி மெடத்திடம் மொழிபெயர்ப்பாளர் வேலை. மெடம் சிங்களவர், தமிழ் விளங்காது; எனக்குச் சிங்களம் வராது. காணி பறிபோனவர்கள் தமிழில் சொல்வதை நான் இங்கிலிஷில் சொல்ல வேண்டும். அந்த வேலையில் எனக்கு நல்ல கெட்டித்தனம் என்று ஒரு நினைப்பும் இருந்தது!

வந்தவர்கள் இரண்டு பேர். வேலர் என்று ஒரு பெரியவர். அவருடைய தங்கை மகள் தெய்வானை, முப்பது வயதிருக்கும். கிழக்கே வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்கள். பேச்சு தமிழ்தான்.

வேடர் என்றால் பாடப் புத்தகத்துப் படத்தில் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர் என்றுதான் அதுவரை எனக்குத் தெரியும். வேலர் வெள்ளைச் சாரமும் மடிப்புக் கலையாத சேர்ட்டுமாக வந்திருந்தார். மேசையில் ஒரு சாராயப் போத்தலை வைத்தார். உள்ளே தேன்.

"வழி நெடுக செக்பொயின்ட்ல மணந்து மணந்து பாத்தாங்க புள்ள. ஒருத்தன் நக்கியும் பாத்தான்."

மெடத்துக்குச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டார்.

பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து ஓடியிருந்தது. திரும்பிப் போகலாம் என்று வந்தால், அதிகாரிகள் பழைய இடத்துக்கு விடமாட்டோம், காட்டுக்குள்ளும் போகக்கூடாது, றோட்டோரமாகக் குடும்பத்துக்கு ஒரு துண்டுக் காணி தருகிறோம் என்றார்களாம். அதை எதிர்த்து மனு எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

மெடம் நல்லவர். ஆனால் சட்டம் படித்தவர். "ஆளாளுக்குக் காணி உறுதிப் பத்திரம் கேட்டால் வெல்வது சுலபம். ஒரு சனத்துக்கே காடு வேண்டும் என்றால் எந்தச் சட்டத்தில் கேட்பது?" என்றார்.

வேலர் மேசையிலிருந்த தேன் போத்தலைத் தொட்டுக் காட்டினார்.

"தேன் எடுக்கிற மரத்த ஆளுக்கொரு கொப்பாப் பிரிக்கலாமா? சடங்கு செய்யிற இடத்த ஆருட பேருல எழுதுவீங்க? நாங்க ஒண்டா இருந்தாத்தான் வேடர். றோட்டோரத்துல ஆளுக்கொரு மூலையில இருந்தா, வெறும் கூலியாள்."

நான் சொல்லி முடித்ததும் மெடம் வேகமாக எழுதத் தொடங்கினார்.

அப்போதுதான், அதுவரை வாயே திறக்காத தெய்வானை பேசினாள்.

"எனக்கு ஒண்டு சொல்லணும். வீடிருக்கிற வளவு என்ட பேருல வேணும். மனுசன் களப்புக்கு மீன் பிடிக்கப் போனவர், திரும்பி வரல்ல. இப்ப குடும்பத் தலைவர் ஆரெண்டு கேட்டு ஆம்பிளைகள்ற பேரத்தான் பதியிறாங்க. மனுசன்ட தம்பிட பேரப் பதிஞ்சா நாளைக்கு நானும் என்ட மகளும் எங்க போற?"

நான் மெடத்தின் பக்கம் திரும்புவதற்குள் வேலர் கையை உயர்த்தினார்.

"அதச் சொல்லிராத புள்ள. அது எங்கட வீட்டுக் கத. இவ தனியா ஒண்டக் கேட்டா, மத்தவங்களும் தனித்தனியாக் கேப்பாங்க. மறுகா எங்களப் பிரிச்சுப் போடுவாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். தெய்வானை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெடம் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

நான் வேலரிடம் சொன்னேன்: "ஐயா, இந்த அறையில ஆர் கதைச்சாலும் நான் சொல்லத்தான் வேணும். அவ சொன்னதையும் சொல்லுவன். நீங்கள் சொல்ல வேண்டாம் எண்டதையும் சொல்லுவன்."

சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

மெடம் பேனையை வைத்துவிட்டார். தெய்வானையிடம் கேட்கச் சொன்னார்: "நீங்கள் மற்றவர்களை விட்டுப் பிரியப் பார்க்கிறீர்களா?"

"எங்க பிரியிற? காடும் களப்பும் எல்லாருக்கும். வளவு எனக்கு. எங்கட வழமையும் அதானே? வீடு வளவு எப்பவும் பொம்புளப் புள்ளைகளுக்குத்தானே குடுக்கிற. மாமாவிட்டக் கேளுங்க, அவர் ஆருட வளவுல இருந்தவர் எண்டு."

வேலர் மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"பொண்டாட்டிட வளவுலதான்… நாப்பது வருசமா. கோவம் வந்தா வெளிய போ எண்டுவா."

சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எழுதச் சொல்லு புள்ள. ரெண்டையும் எழுதச் சொல்லு. ரெண்டும் எங்கடதான்."

ஒரே மனுவில் இரண்டும் போயின. பின்னேரம் மருதானையில் ரெயில் ஏற்றிவிட்டேன். ஏறும்போது தெய்வானை என் கையை ஒருதரம் இறுகப் பிடித்தாள், அவ்வளவுதான்.

மனுவுக்குப் பதில் வருவதற்குள் சண்டை திரும்பவும் வந்துவிட்டது. அவர்கள் மறுபடியும் ஓடினார்கள். மெடம் ஒஃபிஸை மூடிவிட்டார். நானும் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு வாட்ஸ்அப் கோல். பழைய ஆட்கள் யாரிடமோ தேடி என் நம்பரை எடுத்திருக்கிறாள். கடற்கரை ரெயில் போன சத்தத்தில் முதலில் குரல் பிடிபடவில்லை.

"தெய்வானை கதைக்கிறன் புள்ள."

வேலர் இறந்து கனகாலமாம். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வளவு அவள் பேரிலேயே பதிவாகியதாம். மகளுக்குக் கலியாணம் முடித்து, அதை அவளுக்கே எழுதியும் கொடுத்துவிட்டாளாம்.

"காடு?" என்று கேட்டேன்.

"அது இன்னும் முழுக்கத் திறக்கல்ல. நாங்களும் விடல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கம். எங்கட ஆக்களுக்காக இப்ப நான்தான் முன்னுக்குப் போய்க் கதைக்கிற."

அந்த நாளில் ஒரு வசனத்தைக் கொழும்பில் சொல்வதற்கு இரண்டு பேர் எத்தனை செக்பொயின்ட் தாண்டி வந்தார்கள்… இப்போது அவள் கையிலேயே ஃபோன் இருக்கிறது.

"வேற ஏதும் கூட்டத்துக்கு மொழிபெயர்க்க வேணுமெண்டால் சொல்லுங்கோ, வாறன்," என்றேன். உண்மையாகவே ஆசையாக இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"தேவையில்ல புள்ள. நான் இப்ப சிங்களத்துலயே கதைப்பன்."